சுவரோரம் நிற்கும் பிள்ளைகள்: மூளைக்கு பெட் ஸ்கேன் எடுக்கத் தாலிக்கொடியை விற்கலாமா?

2023 மே 14
கேள்வி, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியது:

"அப்பாவுக்கு 71 வயது. ஒன்றரை வருசமாக வீட்டுக்குள் ஆள் நிற்குது, கட்டிலுக்குக் கீழே நாய் படுத்திருக்கு என்கிறார். மறதியும் இருக்கிறது. ஒரு டொக்டர் டிமென்சியா, அதாவது மறதிநோய், என்றார், இன்னொருவர் மனநோய் என்றார். பெட் ஸ்கேன் எடுத்தால் துல்லியமாகத் தெரிந்துவிடும் என்று சொந்தத்தில் ஒருவர் சொல்கிறார். அதற்கு அம்மாவின் தாலிக்கொடியை விற்க வேண்டிவரும். எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எடுப்பதா, வேண்டாமா?"

2023 மே 14, இரவு

எடுத்திருக்கிறோம். என் அம்மாவுக்கு, 2019 பெப்ரவரியில், கோயம்புத்தூரில். நோய் லூயி பாடி டிமென்சியா, மறதியோடு இல்லாத ஆளும் பிராணியும் கண்ணில் தெரிகிற ஒரு வகை. எங்களுக்கும் முதலில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை ஓய்ந்தது. எடுக்க முடிந்தால் எடுங்கள் தங்கச்சி. உறுதியாகிவிடும். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், அம்மா எழும்பிவிட்டார்.

2023 மே 15

பெட் ஸ்கேன் என்றதும் நம் ஆட்களுக்கு மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைதான் நினைவுக்கு வரும். 2016இல் அந்த இயந்திரத்துக்காக நாடு முழுக்க மக்கள் காசு சேர்த்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் உண்டியலில் பத்து ரூபா, இருபது ரூபா போட்டார்கள். மூளைக்கு எடுப்பதும் அதே வகை இயந்திரம், அதே ஊசிமருந்துதான். புற்றுநோய்க் கட்டி சீனியை ஆசையாய் இழுக்கும், அதனால் படத்தில் பிரகாசமாகத் தெரியும். மூளையில் தேடுவது இதற்கு நேர் எதிரானது. எந்த இடம் வழக்கத்தைவிடக் குறைவாகச் சீனி எடுக்கிறது என்று பார்க்கிறார்கள்.

ஊசியில் போடுவது குளுக்கோஸ் மாதிரியே இருக்கும் ஒரு பொருள். அதில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டியிருக்கும். செல் அதைச் சாதாரண குளுக்கோஸ் என்று நினைத்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. முதல் படி வேலையும் நடக்கிறது. அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும்: கொழுந்து பெக்டரிக்குள் போய்விட்டது, வாட்டலும் ஆயிற்று, ரோலரில் ஏறவில்லை, அப்படியே கிடக்கிறது. எந்த பெக்டரியில் எவ்வளவு கிடக்கிறது என்று எண்ணினால் எங்கே வேலை நடக்கிறது, எங்கே மந்தம் என்று தெரியும். ஒட்டியிருக்கும் அணு சிதையும்போது வெளிவரும் கதிர்களை, தலையைச் சுற்றி வளையமாக இருக்கும் கருவி பிடித்துக் கணக்கெடுக்கிறது.

இந்த ஃபுளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். இன்னொரு 110 நிமிடத்தில் கால்வாசிதான் மிச்சம். வாங்கி அலுமாரியில் வைக்க முடியாது. சைக்ளோட்ரோன் என்ற பெரிய இயந்திரத்தில் செய்து, செய்த கையோடு கொண்டுவர வேண்டும். விலை ஏன் அவ்வளவு என்றும், நம் பக்கத்து வைத்தியசாலைகளில் ஏன் இல்லை என்றும் இதிலேயே விளங்கும்.

அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது ஊசி இல்லை, தேத்தண்ணி இல்லாததுதான். நாலைந்து மணித்தியாலம் தண்ணீரைத் தவிர ஒன்றும் குடிக்கக் கூடாது. விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி வெறும் தேத்தண்ணி குடித்துப் பழகியவர். "என்னடி, தேத்தண்ணி இல்லாத ஆசுபத்திரியா இருக்கு" என்று நர்ஸ் பிள்ளையிடமே கேட்டார். விரல் நுனியில் குத்திச் சீனி பார்த்தார்கள், சீனி கூடுதலாக இருந்தால் படம் சரியாக வராது. ஊசி போட்ட பிறகு ஓர் அரை மணித்தியாலம் வெளிச்சம் குறைந்த அறையில், பேச்சில்லாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எதைப் பார்த்தாலும் எதைக் கேட்டாலும் மூளையின் அந்தந்தப் பகுதி கூடுதலாகச் சீனி எடுக்கும், கணக்குக் குழம்பும். அம்மா பேசாமல்தான் இருந்தார். வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் புள்ளைங்க இங்கயும் வந்துருச்சுக. சுவத்தோரம் நின்னுச்சு."

2023 மே 17

"என்ன பிள்ளைகள்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டம், எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. 2017 கடைசி, மழைக்காலம். சாயங்காலம் அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நான் ஹட்டனில் பள்ளிக்கூடம் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். "வாசல்ல ரெண்டு புள்ளைங்க நனையுது, உள்ள வரச் சொல்லு" என்றார். பார்த்தேன், யாரும் இல்லை. போய்விட்டார்கள் போல என்று நினைத்தேன். அடுத்த நாளும் சொன்னார். ஒரு பெண்பிள்ளை, ஒரு பையன். பெண்பிள்ளை தலையில் படங்குச் சாக்கைக் கொங்காணி மாதிரி, மழைக்குப் போர்த்துவதுபோல், போட்டிருக்கிறது. சாக்கின் ஓரம் கிழிந்து நூல் தொங்குவதைக்கூடச் சொன்னார். அவ்வளவு தெளிவு. நிழல், புகை மாதிரி எல்லாம் இல்லை. பேசாது, ஒன்றும் கேட்காது, சும்மா நிற்கும். அம்மாவுக்குப் பயமும் இல்லை. இரண்டு சின்ன ரொட்டி தட்டிச் சுட்டு, ஒரு பீங்கானில் வைத்து வாசற்படியில் வைப்பார்.

அத்தை பேய் ஓட்டும் கோடாங்கியைக் கூட்டிவந்தார். கோடாங்கி மேல் எனக்குக் கோபம் இல்லை, இதையும் எழுதத்தான் வேண்டும். உடுக்கை எடுக்கும் முன்னால் அவர் கேட்டது: "அதுக பேசுதா?" பேசவில்லை என்றார் அம்மா. "உன்னைய ஏதாச்சும் செய்யச் சொல்லுதா?" இல்லை. "அப்ப இது நம்ம வேலை இல்ல தாயி, கண்ணுல பாருங்க, இல்லாட்டி டொக்டருக்குக் காட்டுங்க" என்றார். ஒரு கயிறு கட்டிவிட்டுப் போனார். கண்டியில் நரம்பு டொக்டரும் பிறகு அதே இரண்டு கேள்வியைத்தான் கேட்டார்.

2023 மே 18

அவசரமாக ஒரு திருத்தம். மே 15இல் "குறைவாகச் சீனி எடுக்கிறது" என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், அப்பாவுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. மூளையின் பின்பக்கம் சீனி எடுக்கவில்லை என்று நான் சொன்னதைக் கேட்டு அத்தை நல்ல மனதோடு அம்மாவுக்கு மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, சர்க்கரை, பனங்கட்டி என்று கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் இரத்தத்தில் சீனி ஏறி, அதற்கும் ஒரு குளிசை சேர்ந்தது. தவறு என்னுடையது, நான் சரியாக விளக்கவில்லை.

இரத்தத்தில் சீனி தாராளமாக இருக்கிறது. அந்த இடத்துச் செல்கள் வேலை குறைவாகச் செய்கின்றன, அதனால் கேட்பதும் குறைவு. மலையில் கொழுந்தே இல்லாவிட்டால் லொறியை இரண்டு தரம் அனுப்பி என்ன பிரயோசனம்? மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. எந்த இடத்தில் செலவு குறைகிறதோ அந்த இடத்தில் வேலை குறைந்திருக்கிறது என்பதுதான் படம் சொல்வது.

2023 மே 21

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். தங்கச்சியின் அப்பாவை ஒரு டொக்டர் மனநோய் என்றார் என்று படித்ததில் இருந்து மனது ஆறவில்லை.

2018 ஓகஸ்ட். அம்மாவுக்கு இரவில் காய்ச்சல் வந்து, அறைக்குள் பாம்பு என்று கத்தி எழும்பி ஓடப் பார்த்தார். ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பெயர் வேண்டாம். வார்டில் சத்தம் போடுகிறார் என்று இரவு பதினொரு மணிக்கு ஓர் ஊசி போட்டார்கள். ஹலோபெரிடோல், மனநோய்க்குக் கொடுக்கும் மருந்து. பிறகுதான் பெயர் தெரிந்தது. காலையில் அம்மா மரக்கட்டை மாதிரிக் கிடந்தார். கையை மடக்க முடியவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது, எச்சில் வடிந்தது, கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. நாலு நாள். ஐந்தாம் நாள் ஒரு விரலை அசைத்தார். நடக்க ஆறு வாரம் ஆயிற்று, அதற்குப் பிறகு பழைய நடை வரவே இல்லை.

அந்த இரவு வேலையில் இருந்தவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. காய்ச்சலோடு கத்தும் கிழவி என்று நினைத்திருப்பார். லூயி பாடி நோய்க்காரருக்கு இந்த வகை மருந்து ஆகாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. இந்த நோயில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற மூளை இரசாயனம் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. ஹலோபெரிடோல் மிச்சமிருக்கும் டோபமைனையும் வேலை செய்ய விடாது. கைகால் விறைத்துப்போகும், நினைவு மங்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்து.

தங்கச்சி, நீங்கள் ஸ்கேன் எடுங்கள், எடுக்காமல் விடுங்கள். அதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் "லூயி பாடி டிமென்சியா என்று சந்தேகம், ஹலோபெரிடோல் கொடுக்க வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் எழுதி அப்பாவின் கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள். நாங்கள் அம்மாவின் அடையாள அட்டைக்குப் பின்னாலும் ஒன்று வைத்திருக்கிறோம்.

2023 மே 22

வேறு எந்த மருந்தில் கவனம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரும் பழைய வகைக் குளிசை இருக்கிறதே, குளோர்ஃபெனிரமைன், அதிலும் கவனம். இந்த நோயில் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனமும் வெகுவாகக் குறைந்திருக்கும். அந்தக் குளிசை அதை இன்னும் அடக்கும். அம்மா அதை இரண்டு நாள் குடித்தபோது வாசலில் நின்ற இரண்டு பிள்ளைகள் ஏழெட்டு ஆகிவிட்டார்கள். தலைசுற்று, சிறுநீர் அடக்க முடியாமை என்று வாங்கும் சில குளிசைகளும் அப்படித்தான். ஒவ்வொன்றையும் டொக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

அசிட்டைல்கோலினைக் காப்பாற்றும் குளிசைகள் உண்டு: டொனெபெசில், ரிவாஸ்டிக்மின். அம்மா டொனெபெசில் குடிக்கிறார். நோய் போகவில்லை. பிள்ளைகள் வருவது வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாகக் குறைந்தது. ஆரம்பத்தில் வயிற்றுக் குமட்டல் இருந்தது, பாதி அளவில் தொடங்கிச் சரியாயிற்று.

2023 மே 28

முதல் நாள் நான் கொடுத்த பதிலை இன்று திருப்பி எடுக்கிறேன். "எடுங்கள், உறுதியாகிவிடும்" என்று எழுதியிருந்தேன். அது தவறு.

எங்கள் கொப்பி, கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துத் திரும்பப் படித்தேன். லூயி பாடி டிமென்சியாவுக்கு உலக அளவில் டொக்டர்கள் பயன்படுத்தும் வரையறை 2017இல் திருத்தப்பட்டது. அதில் முக்கியமான அறிகுறிகள் நாலு. ஒன்று, தெளிவு ஏறி இறங்குவது: காலையில் கணக்குச் சரியாகச் சொல்பவர் மத்தியானம் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு, ஆளும் பிராணியும் தெளிவாகத் திரும்பத் திரும்பத் தெரிவது. மூன்று, தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கைகால் ஆடுவது. நாலு, பார்க்கின்சன் மாதிரி விறைப்பு, நடுக்கம், மந்தமான நடை. அன்றாட வேலை செய்ய முடியாத அளவுக்கு டிமென்சியா இருந்து, இந்த நாலில் இரண்டு இருந்தால் போதும், 'பெரும்பாலும் லூயி பாடிதான்' என்று சொல்லிவிடலாம். எந்த ஸ்கேனும் தேவையில்லை.

ஓர் அறிகுறி மட்டும் இருந்தால்தான் சோதனை கைகொடுக்கும். அதிலும் முதல் வரிசையில் இருப்பவை வேறு: மூளையின் அடியில் டோபமைன் கடத்தியைக் காட்டும் ஸ்கேன், இருதய நரம்பைக் காட்டும் ஸ்கேன், இரவு முழுக்கத் தூக்கத்தை அளக்கும் சோதனை. நாங்கள் எடுத்த பெட் ஸ்கேனில் தெரியும் பின்மூளை மந்தம் இரண்டாம் வரிசை, துணைச்சான்று மட்டும். மூளையின் பின்பக்கம் சுருங்கும் இன்னொரு வகை நோயிலும், அது பெரும்பாலும் அல்சைமர் என்ற மறதிநோயின் வழி வருவது, அந்த இடம் மந்தமாகத் தெரியும். லூயி பாடி உள்ள சிலருக்குப் படம் அவ்வளவு தெளிவாக வராமலும் போகலாம். படம் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

அம்மாவுக்கு நாலு அறிகுறியும் இருந்தன. கண்டி டொக்டர் கோயம்புத்தூருக்கு முன்னாலேயே நோயின் பெயரை எழுதிவிட்டார். நான்தான் நம்பவில்லை. படம் இல்லாமல் வாய்ப்பேச்சைக் கேட்டே ஒரு நோயை எப்படிச் சொல்லலாம் என்று நினைத்தேன். என் இரண்டு வளையலும் அத்தையின் ஒரு சங்கிலியும் போயின.

அதனால் தங்கச்சி, தாலிக்கொடியை விற்க வேண்டாம். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு நம் ஆட்கள் எத்தனை வருசம் போராடினார்கள் என்று தெரியும்தானே. ஒரு சாதாரண சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் எடுங்கள். தலைக்குள் இரத்தக்கட்டோ கட்டியோ இல்லை என்று பார்க்க அது வேண்டும். அப்புறம் ஒரு கொப்பி வாங்குங்கள்.

2023 மே 29

கொப்பியில் என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். நேரம், என்ன பார்த்தார், அப்போது வெளிச்சம் எப்படி, என்ன குளிசை குடித்திருந்தார், காய்ச்சல் இருந்ததா, காலையில் எப்படி இருந்தார், பின்னேரம் எப்படி. அவ்வளவுதான். எங்கள் கொப்பியில் ஒரு மாதத்தில் தெரிந்தது: பிள்ளைகள் வருவது பெரும்பாலும் பின்னேரம் ஐந்தில் இருந்து ஏழு, கரண்ட் இல்லாத நாளில் கூடுதல். கதவுக்குப் பின்னால் தொங்கிய சாக்கையும் குடையையும் வேறு இடத்துக்கு மாற்றினோம். பாதி நாள் பிள்ளைகள் வரவில்லை. மங்கலில் தொங்கும் துணியை அந்த மூளை ஆளாக்கிவிடுகிறது.

2023 ஜூன் 2

தூக்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நாலு அறிகுறியில் இதைத்தான் யாரும் சொல்லாமல் விடுகிறார்கள்.

அம்மா முப்பத்தாறு வருசம் கொழுந்து பறித்தவர். 2010 போல, பென்சன் எடுத்து நாலைந்து வருசம் ஆகியிருக்கும். ஒரு இரவு எனக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அம்மா மல்லாந்து படுத்திருக்கிறார். இரண்டு கையும் கம்பளிக்கு மேலே போய் வருகின்றன. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கம்பளி மயிரைக் கிள்ளுகின்றன, கிள்ளிக் கிள்ளி உள்ளங்கையில் சேர்க்கின்றன, கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசுகின்றன. கூடை அங்கேதான் தொங்கும். கண் மூடியிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு பத்து நிமிடம் பறித்திருப்பார். இன்னொரு நாள் "அட்டை, அட்டை" என்று கத்தி அப்பாவின் விலாவில் உதைத்துவிட்டார்.

நாங்கள் பாசமாகத்தான் பார்த்தோம். பாவம், தூக்கத்திலும் வேலை செய்கிறார் என்று லயத்தில் எல்லோருக்கும் சொல்வோம். கனவு காணும் தூக்கத்தில் உடம்பு கட்டுண்டு கிடக்க வேண்டும். அந்தக் கட்டு அவிழ்வது இந்த நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம், மறதி தொடங்குவதற்குப் பல வருசம் முன்னாலேயே வரலாம். ரொட்டி கருகினாலும் அம்மாவுக்கு வாசம் தெரியாமல் போனதும் அதே காலம்தான். அதுவும் இந்த நோயில் சேர்ந்தது என்று பிறகு சொன்னார்கள்.

தங்கச்சி, அம்மாவிடம் கேளுங்கள்: அப்பா தூக்கத்தில் கத்துவாரா, கை வீசுவாரா?

2023 ஜூன் 3

பார்த்தேன் உங்கள் பதிலை. அப்பா தூக்கத்தில் கை வீசுவதால் பத்து வருசமாக அம்மா தனியாகக் கீழே படுக்கிறாரா! இதை இரண்டு டொக்டரிடமும் சொல்லவே இல்லையா? கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

2023 ஜூன் 11

"படம் தேவையில்லை என்றால், சண்டை ஓய்ந்தது என்று முதல் நாள் ஏன் எழுதினீர்கள்?" என்று கம்பளையில் இருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இரண்டும் உண்மை.

படம் நிறத்தில் இருக்கும். சீனி நன்றாக எடுக்கும் இடம் மஞ்சள், சிவப்பு. குறைந்த இடம் பச்சை, பிறகு நீலம். அம்மாவின் படத்தில் தலையின் பின்பக்கம், பார்வையைக் கையாளும் இடம், இரண்டு பக்கமும் நீலமாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், நடுவில், ஒரு சிறு துண்டு மட்டும் மஞ்சளாக இருந்தது. டொக்டர் பேனா முனையை அதில் வைத்து, "இது பின் சிங்குலேட். அல்சைமரில் முதலில் மங்குகிற இடங்களில் ஒன்று. இவங்களுக்கு நல்லாயிருக்கு, சுத்தியிருக்கிறதுதான் மங்கியிருக்கு. இதைத் தீவு மாதிரி என்று சொல்லுவோம்" என்றார். கண்ணில் இருந்து வருவதைக் கோத்து இது முகம், இது துணி என்று சொல்லும் இடம் மந்தமாகிவிட்டது. வருவதில் ஓட்டை விழும்போது மூளை தன்னிடம் இருக்கும் பழைய உருவங்களை எடுத்து ஓட்டையை அடைக்கிறது. இப்படித்தான் எனக்கு விளங்கியது. அந்த இடத்துச் செல்கள் செத்துவிட்டன என்று அர்த்தம் இல்லை என்றும் சொன்னார். வேறு இடங்களில் இருந்து வர வேண்டிய தூண்டுதல் குறைந்திருக்கிறது, அசிட்டைல்கோலின் குளிசை அதனால்தான் கொஞ்சம் உதவுகிறது.

அப்பாவுக்காகத்தான் அந்தப் படம் வேண்டியிருந்தது. 2018இல் அம்மா அப்பாவைப் பார்த்து, "நீங்க அவரு மாதிரி இருக்கீங்க, அவரு எங்க?" என்று கேட்கத் தொடங்கினார். இதுவும் இந்த நோயில் வருவதுதான். அப்பா மூன்று மாதம் வாசல் திண்ணையில் சாப்பிட்டார். "நாப்பத்தேழு வருசம் கூட இருந்தவ, வேணும்னே பண்றா" என்பார். நான் வாயால் சொன்ன எதுவும் ஏறவில்லை. கோயம்புத்தூரில் டொக்டர் நீல இடத்தைக் காட்டியதும் கிட்டப் போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இதுலதான் என் மூஞ்சி இருக்கா?" என்று கேட்டார். முகத்தை அடையாளம் பார்ப்பதற்கும் அந்தப் பக்கம்தான் வேண்டும் ஐயா என்றார் டொக்டர். ஊருக்கு வந்து, அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு லயத்தில் ஒவ்வொரு காம்பராவாகப் போனார். பேய் பிடித்தவள் என்று சொன்ன வீடுகளில் எல்லாம் விரித்துக் காட்டினார். மடிப்பு இடத்தில் தாள் கிழிந்துபோய் இப்போது டேப் ஒட்டியிருக்கிறது.

இன்னொன்றும் அங்கே நடந்தது. அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, 1972இல், தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போனவர். தலைமன்னார் ரயிலில் ஏற்றிவிட்டு வந்த பிறகு அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. கோத்தகிரியில் இருந்து மகனோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து அழுதார், பேச்சு வரவில்லை. அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "அக்கா மாதிரி ஒன்னு நிக்குது. இது இருக்கா, இல்லையா?" என்று காதோடு கேட்டார். அவருக்குத் தெரியும், இல்லாதது பேசாது என்று. நான் இருக்கு அம்மா என்றேன். பெரியம்மா வாய் திறந்து அம்மாவைச் சின்ன வயசுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம்தான் அம்மா எழும்பினார்.

அதனால் அண்ணே, அந்தப் பயணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேன் எடுத்துத்தான் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொன்னதுதான் பிழை.

2023 ஜூன் 12

லூயி என்பது பெண்பெயரா, கிருமியா என்று கேட்ட பிள்ளைக்கு: ஜெர்மனியில் வேலை செய்த ஒரு டொக்டரின் பெயர், ஃபிரெட்ரிக் லூயி. 1912இல் பார்க்கின்சன் நோய்க்காரரின் மூளைச் செல்களுக்குள் உருண்டையாகச் சில கட்டிகளைப் பார்த்து எழுதினார். ஜப்பானில் கென்ஜி கொசாகா 1976இல் அதே உருண்டைகள் மூளை மேற்பட்டை முழுக்கப் பரவி டிமென்சியா வந்த ஒருவரைப் பற்றி எழுதினார். அந்த உருண்டைகளில் இருப்பது ஆல்பா சினூக்ளின் என்ற புரதம் என்று 1997இல் தெரிந்தது. தொற்றாது.

2023 ஜூன் 25

நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதை ஹட்டனில் ஒரு நர்ஸ் அக்கா நினைவுபடுத்தினார். ஆள் தெரிகிறது என்றதும் டிமென்சியா என்று முடிவு கட்டக் கூடாது. கண்புரை முற்றிய சிலருக்கு, புத்தி முழுக்கத் தெளிவாக இருக்கும்போதே, ஆள், மாளிகை, பறவை எல்லாம் தெரியும். 1760இல் சுவிட்சர்லாந்தில் சார்ல்ஸ் போனே தன் தாத்தாவுக்கு அப்படித் தெரிந்ததை எழுதியிருக்கிறார், அவர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். கோடாங்கி "கண்ணுல பாருங்க" என்றது இதற்குத்தான் பொருந்துகிறது. சிறுநீரில் கிருமி இருந்தாலும் வயதானவர்களுக்குத் திடீரென்று இப்படி வரலாம். 2018 ஓகஸ்டில் அம்மா பாம்பு என்று கத்திய இரவிலும் சிறுநீரில் கிருமி இருந்தது, மூன்றாம் நாள்தான் பார்த்தார்கள். அம்மாவின் சாந்தமான பிள்ளைகள் பாம்பாக மாறினால் இப்போது நாங்கள் முதலில் சிறுநீர் சோதனைக்குத்தான் ஓடுகிறோம்.

அம்மாவுக்கும் இடது கண்ணில் புரை இருந்தது. எடுத்த பிறகு பிள்ளைகள் வருவது இன்னும் குறைந்தது. முற்றாகப் போகவில்லை.

2023 ஜூலை 9

தங்கச்சியின் செய்தி வந்தது, எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். அப்பாவைக் கண்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கொப்பியில் ஆறு வாரம் எழுதியிருந்தார். டொக்டர் முதல் பக்கத்துத் தூக்கக் கதையைப் படித்ததும் தாயிடம் திரும்பிக் கால் மணித்தியாலம் பேசினாராம். கையை மடக்கிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, லூயி பாடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பெட் ஸ்கேன் பற்றிக் கேட்டதற்கு, இப்போதைக்கு வேண்டாம் என்றாராம். தாலிக்கொடி கழுத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை, அதற்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே நேற்று மழை, ஆறு மணிக்கே கரண்ட் போய்விட்டது. அம்மா வாசலைக் காட்டி, "இருக்கா, இல்லையா, தொட்டுப் பாத்துச் சொல்லு" என்றார். போய், நிலைக்கதவு ஓரத்தில் கையை வீசிப் பார்த்து, "இல்லை அம்மா" என்றேன். "சரி, இருந்தாலும் ரெண்டு ரொட்டி போடு" என்றார். போட்டேன். நானும் அம்மாவும் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம்.

தங்கச்சி, டொனெபெசில் வகைப் புதிய குளிசையை எத்தனை மில்லிகிராமில் தொடங்கச் சொன்னார் என்று எழுதுங்கள். காலையில் கொடுக்கச் சொன்னாரா, இரவிலா? அப்பாவுக்கு நாடித்துடிப்பு குறைவு என்று முன்பு எழுதியிருந்தீர்கள், அதை டொக்டரிடம் சொன்னீர்களா? இந்தக் குளிசை துடிப்பை இன்னும் குறைக்கலாம். சொல்லவில்லை என்றால் நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.